டிரங்குப் பெட்டியின் உள்மூடி

பக்தவத்சலத்துக்குத் தன் தங்கை புருஷன்மேல் பன்னிரண்டு வருஷமாக ஒரு கோபம் இருந்தது. சாதாரணக் கோபம் இல்லை. ஒரு யானையைப் பார்க்கப் போய், பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் பண்ணிவிட்டான் என்கிற கோபம். அந்த யானையும் வரவில்லை.

அதை அவன் எங்கேயும் கொட்டவில்லை. சண்டை போடவில்லை, போக்குவரத்தை நிறுத்தவில்லை. ஒன்றே ஒன்று செய்தான். அதுவரை ஜெகநாதனை வாய் நிறைய "மாப்ளே" என்று கூப்பிட்டவன், 1962 நவம்பருக்குப் பிறகு "ஜெகநாதன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அவ்வளவுதான். ஆனால் கேட்டவனுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய அடி என்று. ஜெகநாதன் மட்டும் பழையபடி "மச்சான்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் 1952ல் ஒரே கப்பலில் அந்தமானுக்கு வந்தவர்கள். மதராஸில் ஏறும்போது ஒருவனை ஒருவனுக்குத் தெரியாது. பக்தவத்சலம் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துப் படகோட்டியின் மகன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஜெகநாதன் திருவண்ணாமலைப் பக்கம். ஏரித் தண்ணீரில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. கப்பல் ஆட ஆட அவன் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். பக்கத்துப் படுக்கைப் பங்க்கில் கிடந்த பக்தவத்சலம்தான் நாலு நாளும் ஊறுகாயை நாக்கில் தடவி அவனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தான்.

"தண்ணியப் பாத்தா பயப்படறவன் எதுக்குய்யா தீவுக்கு வர்ற?" என்று கேட்டான்.

"எங்க ஊர்ல பாக்கறதுக்கு ஒரு மலைதான் இருக்கு. அதப் பாத்தாச்சு" என்றான் ஜெகநாதன்.

பதில் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. அவன் கடைசி வரை அப்படித்தான்.

முதல் இரண்டு வருஷம் ரங்கத் என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் காட்டு முகாமில் இருவரும் மரம் வெட்டினார்கள். பிறகு பக்தவத்சலம் ஒரு பழைய டுங்கி வாங்கினான். துடுப்புப் போடுகிற சின்னப் படகைத் தீவில் அப்படித்தான் சொல்வார்கள். ஜெகநாதனுக்குக் கையெழுத்து அச்சுப்போல இருந்ததால் சாத்தம் என்கிற குட்டித் தீவின் மர ஆலையில் வேலை கிடைத்தது. வந்து இறங்குகிற கட்டைகளின் வெட்டுமுகத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் போடுவது. கட்டை ரம்பத்துக்குப் போகும்போது அந்த எண்ணின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பது. வேலை அவ்வளவுதான். குடியிருக்க ஆலைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மேட்டில் ஒரு தகரக் கூரை குவார்ட்டர்ஸ். குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான். பார்த்துப் பார்த்து 1955ல் பக்தவத்சலம் தன் தங்கை சுசீலாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினாள்.

அடுத்த வருஷம், கட்டைகளுக்கு எண் போடுவதற்காக ஜெகநாதனை ஒரு மாதம் காட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். போன பத்தாம் நாள் மலேரியா. மூங்கில் கொட்டகையில் வரிசையாகக் கட்டில். அவனுக்குப் பக்கத்தில் ஒரு ராஞ்சிக்காரன். காய்ச்சல் நேரத்திலும் வாய் ஓயாதவன். பாராடாங் பக்கம் பூமி கொதிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று தினமும் சொல்வான். "தேக்னா ஹை பாய், தேக்னா ஹை." பார்க்கணும் தம்பி, பார்த்தே ஆகணும் என்று. ஒரு நாள் விடிந்தபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. பாயைக்கூடச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள்.

ஜெகநாதன் பிழைத்து வீடு வந்தான். எலும்புக்கு மேலே தோல் மட்டும் இருந்தது. வந்ததும் சுசீலாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தில், கட்டைக்கு எண் போடுகிற அதே பெயிண்டால் ஒரு வரி எழுதினான். பூமி கொதிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இன்னும் சில வரிகளுக்கு இடம் விட்டான்.

பக்தவத்சலம் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தான்.

"ஏன் மாப்ளே, நோட்டு வாங்க வழியில்லையா?"

"நோட்டக் கரையான் தின்னுடும் மச்சான். இது தகரம்."

"சாகறதுக்கு முன்னால பாக்க லிஸ்ட்டு போடறியாக்கும்?"

"சாவுக்கு லிஸ்ட்டு எதுக்கு? அது தானா வரும். இது ஞாயித்துக்கிழமைக்கு."

அடுத்த கோடையில் மூன்று பேரும் பாராடாங் போனார்கள். பாதி தூரம் படகு, கொஞ்சம் மர லாரி, மீதி நடை. காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. புல் இல்லை, புதர் இல்லை. நடுவில் சாம்பல் நிறச் சேறு. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. "இதுக்கா அட்டைக்கடி பட்டோம்?" என்று பக்தவத்சலம் ஆரம்பித்தான். அப்போது சேறு மெல்ல உப்பியது. தூங்குகிறவன் வயிறு மாதிரி உப்பி, பளபளவென்று ஒரு தேங்காய் அளவுக்கு வந்து, 'பொத்'தென்று வெடித்து அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. யாரும் அடுப்பு மூட்டவில்லை. யாரும் கிண்டவில்லை. கையை வைத்துப் பார்த்தால் சேறு குளிர்ந்திருந்தது. அது கொதிக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பக்தவத்சலத்துக்கு முதுகு சிலிர்த்தது. தான் காலை ஊன்றி நடந்துகொண்டிருக்கிற இந்தத் தரை உயிரோடு இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜெகநாதன் தொப்பியைக் கழற்றி, யாருக்கோ சொல்வதுபோல, "தேக்கோ பாய்" என்றான். வீட்டுக்கு வந்து அந்த வரிமேல் கோடு போட்டான். கட்டை ரம்பத்துக்குப் போனால் போடுவானே, அதே மாதிரி.

இப்படி ஒவ்வொன்றாக. தேங்காயை உரித்துத் தின்கிற நண்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதன் கொடுக்கைப் பார்த்த நாளிலிருந்து பக்தவத்சலம் மணலில் கால் நீட்டி உட்காருவதில்லை. ஆனால் அவன் வாயை ஒரேயடியாக அடைத்தது வண்டூர்தான்.

1959 பிப்ரவரி. ஜெகநாதன் ஒரு மண்ணெண்ணெய்த் தகர டின்னின் அடியை வெட்டி எடுத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் தாரால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். தலைச்சுமையாக அதைப் பேருந்தில் ஏற்றியபோது நடத்துனர் பால் வியாபாரமா என்று கேட்டான். வண்டூரில் பக்தவத்சலத்துக்குத் தெரிந்த ஒருவரின் டுங்கியை வாங்கிக்கொண்டு, எதிரில் இருக்கிற சின்னத் தீவுகளை நோக்கிப் போனார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் நின்ற ஓர் இடத்தில் ஜெகநாதன் டின்னைத் தண்ணீரில் அமுக்கி, முகத்தை உள்ளே விட்டான். விட்டவன் எடுக்கவே இல்லை.

"மூச்சிருக்கா மாப்ளே?"

ஜெகநாதன் கையை மட்டும் ஆட்டினான். பிறகு சுசீலா பார்த்தாள். அவள் "அய்யோ" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"ரெண்டு பேரும் என்னமோ தங்கத்தக் கண்ட மாதிரி. அது பாறைம்மா. படகு அடி கிழிஞ்சிடும்னு நான் சுத்திக்கிட்டுப் போற பாறை" என்றபடி பக்தவத்சலம் தலையை உள்ளே விட்டான்.

கீழே ஓர் ஊர் இருந்தது. மஞ்சளாகவும் ஊதாவாகவும் மரங்கள், விசிறிகள், கவிழ்த்த கூடைகள். அதன் தெருக்களில் நீலப் பட்டை போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஒரே நேரத்தில், ஒரே பக்கம், யாரும் சொல்லாமல். ஒரு பெரிய சிப்பி வாயைத் திறந்து மூடியது. அவன் சின்ன வயசிலிருந்து கடலில் கிடந்தவன். துடுப்பால் இதைக் கோடிமுறை அடித்திருக்கிறான். கடல் என்றால் மேலே இருக்கிற தோல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது அவன் துடுப்பைச் சத்தம் வராமல் போட்டான். ஜெகநாதன் சுசீலாவிடம் கண்ணைக் காட்டிச் சிரித்ததை அவன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான்.

அந்த ஜெகநாதன்தான் 1962ல் அப்படிப் பண்ணிவிட்டான்.

அக்டோபர் கடைசியில் கடலூரிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், நாக்கு இழுத்துக்கொண்டது, பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று கையைக் கையைக் காட்டுகிறார். கப்பலில் பங்க் கிடைத்தது இரண்டே இரண்டு. பக்தவத்சலம் தன் பங்கை விட்டுக்கொடுத்தான். தனியாகப் பெண்ணை நாலு நாள் கடலில் அனுப்ப முடியாது, புருஷனோடு போகட்டும் என்றான். "நீ போ சுசீலா. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கப்பல். சாமான் காலையிலேயே ஏற்றவேண்டும் என்பதால் டிரங்குப் பெட்டியைப் பக்தவத்சலம் தன் தலையில் சாத்தம் ஜெட்டிக்குக் கொண்டுபோனான். பத்து மணிக்குக் காற்று மாறியது. புயல் எச்சரிக்கை. கப்பல் நண்பகலுக்கு முன்பே கிளம்புகிறது என்று ஒருவன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சொல்லிப் போனான். பக்தவத்சலம் மேட்டுக்கு ஓடினான். வீடு பூட்டிக் கிடந்தது. விடியற்காலையிலேயே இருவரும் ஒரு பெங்காலிக்காரன் டுங்கியில் பாம்பூஃபிளாட் தாண்டிப் போனார்கள், யானைகளைக் கடலில் நீந்தவைத்து அக்கரைக்கு ஓட்டுகிறார்களாம், அதைப் பார்க்க, என்று பக்கத்து வீட்டு அன்னம்மாள் சொன்னாள்.

அவன் மறுபடி ஜெட்டிக்கு ஓடினான். எப்படியும் வந்துவிடுவார்கள் என்று பெட்டியை ஏற்றிவிட்டான். கப்பல் மூன்று முறை சங்கு ஊதியது. ஏணியைத் தூக்கினார்கள். பக்தவத்சலம் ஜெட்டி முனையில் நின்று கத்தினான். கப்பல் அப்பாவின் ஊருக்குப் போனது. அதில் டிரங்குப் பெட்டி மட்டும் போனது.

அங்கே கழிமுகத்தில் அந்தச் சங்கு அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. "மில்லு சங்கு ஊதிடுச்சு, பன்னண்டு மணி ஆவுது, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்று இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறார்கள். சாத்தத்தில் குடியிருக்கிறவன் விழிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் ஆலைச் சங்குக்குத்தான். காதில் எது ஊதினாலும் அது ஆலைச் சங்கு. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஊதாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. காற்றைப் பார்த்துப் பாகன்களும் யானையை இறக்கவில்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினார்கள்.

ஜெட்டியில் பக்தவத்சலம் மட்டும் உட்கார்ந்திருந்தான். சுசீலாவின் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெகநாதன் முன்னால் வந்தான்.

"நான்தான் மச்சான். நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்."

"ஆனை பாத்தியா?"

"இல்ல."

அடுத்த கப்பலுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. பத்தொன்பதாம் நாள் தந்தி வந்தது.

கப்பல் திரும்பியபோது பெட்டியும் திரும்பி வந்தது. ஆள் வராத பெட்டி என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டிருந்தார்கள். பூட்டு உடைந்திருந்தது. ஜெட்டியில் வைத்தே பக்தவத்சலம் அதைத் திறந்து பார்த்தான். சேலைகள் இருந்தன. அப்பாவுக்கு வாங்கிய துண்டு இருந்தது. மூடியின் உள்பக்கம் வெள்ளை எழுத்து. அதுவரை அவன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆறு வரிகளுக்குக் கோடு போட்டிருந்தது. ஏழாவது வரிக்குக் கோடு இல்லை. யானை கடலில் நீந்துவதைப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இன்னும் ஏதோ இருந்தது. அவன் படிக்கவில்லை. மூடியை அடித்துச் சாத்தினான்.

அதன்பிறகு ஜெகநாதன் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்தவத்சலத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

1973 கடைசியில் ஜெகநாதனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. இதயம் பெரிதாகிவிட்டது, மெயின்லேண்ட் கொண்டுபோனாலும் பெரிசாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் பக்தவத்சலத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, நாளாகக் கேட்கிறீர்களே, அதுவே சரிதான் என்றார்.

பிப்ரவரியில் பக்தவத்சலம் ஒரு சரக்கு வேலையாக வண்டூர் போயிருந்தான். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் காட்டு இலாகாப் பாகன் ஒருவன், ராஞ்சிக்காரக் கிழவன், பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே பேசினான். வியாழக்கிழமை காலை தண்ணீர் ஏறாமல் இறங்காமல் நிற்கிற நேரத்தில் இரண்டு யானைகளை எதிர்த் தீவுக்கு நீந்தவைக்கப் போகிறார்கள்.

பக்தவத்சலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அவனுக்குள் ஒரே இழுபறி. சொன்னால் என்ன? சொல்லாவிட்டால் என்ன? அந்த யானையால்தானே அப்பா பிள்ளை முகம் பார்க்காமலே போனார். அதை அவனுக்குப் படகு போட்டுக் காட்டவேண்டுமா? அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியது. அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எழுந்து மேட்டுக்குப் போனான்.

ஜெகநாதன் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு விட முடியவில்லை.

"ஜெகநாதன். வண்டூர்ல நாளைக்குக் காலைல ஆனை எறங்குதாம்."

ஜெகநாதன் அவனைப் பார்க்கவில்லை. சுசீலாவைப் பார்த்தான். "போலாமா? உனக்கு இஷ்டமா?" என்று அவளைக் கேட்டான்.

பக்தவத்சலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள ஏன்யா கேக்கற? உனக்காகத்தான் வந்து சொல்றேன். உன் ஆனைதானே?"

சுசீலா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் ஆனைண்ணே" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"அந்த மூடியில பாதி என்னோடது. எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு. அன்னிக்குக் காலைல இவரு வேணாம்னுதான் சொன்னாரு. கப்பல் நாள்ல எதுக்கும்மான்னாரு. நாந்தான், ஊருக்குப் போனா திரும்பி எப்ப வருவமோ, ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துடலாம்னு கையப் புடிச்சு இழுத்தேன். மில்லு சங்குதான் அதுன்னு சொன்னதும் நான்தான்."

"சுசீலா" என்றான் ஜெகநாதன்.

"நீங்க சும்மா இருங்க. பன்னண்டு வருஷம் சும்மா இருந்தாச்சு. உன் மூஞ்சியப் பாத்தேண்ணே, ஜெட்டில. எனக்கு நாக்கு எழல. இவரு முந்திக்கிட்டாரு. அப்புறம் நான் சொல்றேன் சொல்றேன்னு ஒவ்வொரு தடவையும் இவரு வாயப் பொத்துவாரு. அவனுக்கு இங்க நீ ஒருத்திதான் கூடப் பொறந்தவ, எம்மேல கோவப்பட்டா தாங்குவான், உம்மேல கோவப்பட்டா தாங்கமாட்டான்னு."

பக்தவத்சலம் வாசலுக்குப் போய் நின்றான். கீழே பாலத்தில் ஆட்கள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோபத்தை அங்கிருந்து எடுத்துத் தங்கைமேல் வைக்கலாமா என்று பார்த்தான். வரவில்லை. ஒரே கம்பத்தில் பன்னிரண்டு வருஷம் கட்டிக் கிடந்த படகு, அவிழ்த்தால் வேறு கரைக்குப் போகும் என்று நினைத்தான். அவிழ்த்ததும் அது அப்படியே முழுகிவிட்டது.

உள்ளே திரும்பாமலேயே சொன்னான்: "விடியறதுக்கு முன்ன லாரி வரும். ரெண்டு தலகாணி எடுத்துக்க. அந்தக் கண்ணாடி டின்னு இருக்கா?"

"இருக்குண்ணே."

வியாழக்கிழமை வண்டூரில் கடல் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கிடந்தது. ஜெகநாதனைப் பக்தவத்சலமே தூக்கிக்கொண்டுபோய் டுங்கியில் உட்காரவைத்தான். கட்டைகளைப் புரட்டிய ஆள், குழந்தை கனம்தான் இருந்தான். கால்வாயின் நடுவில், ஒதுங்கி, துடுப்பை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதலில் பெரிய பெண் யானை வந்தது. கரையில் நின்று, துதிக்கையால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, சூடு பார்க்கிற பொம்பளை மாதிரி. கிழவன் அதன் கழுத்தில் உட்கார்ந்து, "சல் பேட்டி, சல்" என்று மகளைப்போல அதை நடக்கச் சொன்னான். அது இறங்கியது. முழங்கால், வயிறு, முதுகு. பிறகு யானையே இல்லை. கிழவன் மட்டும் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி நகர்ந்து வந்தான். அவனுக்கு முன்னால் ஒரு துதிக்கை நுனி, தண்ணீருக்கு மேலே, மூச்சு விட்டுக்கொண்டு. 'புஸ்... புஸ்...' வேறு சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய மிருகம் ஓர் இலையைப்போல வந்தது.

சுசீலா டின்னை அமுக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை "அய்யோ" சொல்லவில்லை. பார்த்துவிட்டு அண்ணனிடம் நகர்த்தினாள்.

பக்தவத்சலம் பார்த்தான். பச்சை வெளிச்சத்தில், மங்கலாக, நாலு கால்கள் நடந்துகொண்டிருந்தன. அடியில் தரை இல்லை. ஆழம் கருநீலமாக இறங்கிக்கொண்டே போனது. அந்தக் கால்கள் அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, இல்லாத தரைமேல் அடி வைத்து நடந்தன. அதன் வயிற்றுக்குக் கீழே சின்ன மீன்கள் நிழலுக்கு ஒதுங்கி உடன் வந்தன. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது டின்னுக்குள் அவனுக்கே கேட்டது. மேகத்தில் தேர் போகிறது என்று கதை சொல்வார்களே, அதை இனி யாராவது பொய் என்றால் அவன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையி மச்சான்" என்றான் ஜெகநாதன்.

பக்தவத்சலம் அவனைத் தோளோடு அணைத்துப் பிடித்து, தலையை டின்னுக்கு மேலே தாழ்த்தினான். "பாரு மாப்ளே" என்றான். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஜெகநாதனின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. யானையைப் பார்த்தா, அந்த வார்த்தையைக் கேட்டா என்று தெரியவில்லை. முகம் டின்னுக்குள் இருந்தது.

இரண்டாவது யானையும் கடந்தது. அக்கரையில் ஏறி நின்று, உடம்பெல்லாம் தண்ணீர் வழிய, கறுத்துப் பளபளத்து, ஒரு கிளையை ஒடித்துத் தின்ன ஆரம்பித்தன. பெரிய விஷயம் எதுவும் நடக்காததுபோல.

வீட்டுக்கு வந்ததும் ஜெகநாதன் பெயிண்டையும் பிரஷையும் எடுக்கச் சொன்னான். ஏழாவது வரிமேல் சுசீலாதான் கோடு இழுத்தாள். கோணல் கோடு. பிறகு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு மச்சான். படி" என்றான் ஜெகநாதன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெட்டியில் படிக்காமல் சாத்திய வரி. பக்தவத்சலம் விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். "சு... சீ... லா கடலில்... நீந்த வேண்டும்."

அவனுக்கு முதுநகர்க் கரை ஞாபகம் வந்தது. எட்டு வயசுப் பெண் ஆண்பிள்ளைகளோடு தண்ணீரில் குதித்துவிட்டது என்று, ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து வீட்டில் தள்ளியவன் அவன்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாப்ளே. நீயாவது கத்துக்குடுத்திருக்கலாம்."

"எனக்கு வந்தாத்தானே? இருவத்திரெண்டு வருஷம் தீவுல இருந்துட்டு முழுகிச் சாகாமப் போறேன், அதுவே சாதனை." சிரித்ததில் அவனுக்கு மூச்சு முட்டியது. கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அவன் பதினோரு நாள் இருந்தான். தண்ணீர் கேட்டான், ஜன்னலைத் திறக்கச் சொன்னான், சுசீலாவிடம் என்னென்னவோ பேசினான். பக்தவத்சலத்திடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மூச்சு திரும்பியதும் கேட்டதுதான் கடைசி.

"மார்ச் மாசம் கடல் கொளம் மாதிரி கெடக்கும். அவளக் கூட்டிக்கிட்டுப் போ. கரையில நின்னு கத்தாத. நீயும் எறங்கு. அவ முதுவுக்குக் கீழ கைய வெச்சுத் தாங்கிக்க. அப்புறம் மெதுவா கைய எடுத்துரு மச்சான். எப்ப எடுத்தேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது."